மாப்பிள்ளையைக் கொடுத்து மருமகனை எடுத்தல்

போன கிழமை லா ஷப்பல் மெத்ரோ ரயில் நிலையத்தின் படிகளில் ஒரு மணம் எனக்கு முன்னால் ஏறிக்கொண்டிருந்தது. கற்பூரமும் யூக்கலிப்டசும் கலந்த தைல மணம். யாருடைய முழங்காலில் இருந்து வந்தது என்று தெரியவில்லை. மரக்கறிப் பைகள், குழந்தை வண்டிகள், ஈரக் குடைகள், எல்லாமே ஏறிக்கொண்டிருந்தன. தலைக்கு மேலே பாலத்தில் வண்டி வந்து நின்ற அதிர்வு படிகளில் இறங்கிக் கால்களுக்குள் வந்தது. நான் நடுப்படியில் நின்றுவிட்டேன். பின்னால் வந்த பெண் "பார்தோன்" என்று மன்னிப்புக் கேட்டபடி இடித்துக்கொண்டு போனாள்.

முழங்கால்தான் முதலில் நினைவுக்கு வந்தது. அதற்குப் பிறகுதான் ஆள் வந்தான்.

அவன் எங்கள் ஊர் உதைபந்தாட்டக் கழகத்தின் பாக். கோலுக்கு முன்னால் நின்று வருகிறவனை மறிக்கிற வேலை. பாரிசுக்கு வந்த காலத்திலிருந்து அந்த இடத்தில்தான் நின்றான். வேலைத்தலங்கள் மாறின, வீடுகள் மாறின, தலைமயிர் போயிற்று. ஞாயிறு காலையில் அந்த இடம் மட்டும் மாறவில்லை. ஆட்டத்துக்கு முன்னால் ஓரத்து வாங்குப் பலகையில் இருந்து இரண்டு முழங்கால்களிலும் தைலம் பூசுவான். அந்த மணம் வந்தால் ஆட்டம் தொடங்கப்போகிறது என்று எங்களுக்குத் தெரியும். ஒரு கோயிலுக்கு மணி எப்படியோ, எங்கள் மைதானத்துக்கு அவன் முழங்கால்.

அவனைக் கொடுத்துவிடலாமா என்ற கேள்வி ஒரு வசந்த காலத்தில் வந்தது. இத்தனை நாள் கழித்தும் எனக்கு அதற்குச் சரியான பதில் தெரியவில்லை. தெரியாமலே எழுதுகிறேன்.

இங்கே கோடையில், விட்டுவந்த ஊர்களின் பெயரால் நாங்கள் நடத்துகிற கழகங்களின் சுற்றுப்போட்டிகளுக்கு ஒரு விதி உண்டு. ஒருவர் மூன்று வழியால் ஓர் ஊருக்கு ஆடலாம்: அந்த ஊரில் பிறந்திருக்க வேண்டும், அல்லது தாயோ தகப்பனோ அந்த ஊராக இருக்க வேண்டும், அல்லது அந்த ஊரில் பெண் எடுத்திருக்க வேண்டும். ஒரு கோடைக்கு ஒரு கழகம். இந்த விதியை எழுதியவர்களுக்குக் கல்யாணம் பேசுகிற பழக்கம் இருந்திருக்க வேண்டும். விதிப்படி பார்த்தால் பாரிசில் பிறந்த ஒரு பெடியன் இரண்டு ஊருக்கு உரித்தானவன், இரண்டையும் கண்ணால் கண்டிராதவன். என்னைப்போல வளர்ந்தவர்கள் ஒரே ஊருக்கு உரியவர்கள், கல்யாணம் கட்டும் வரைக்கும்.

அவன் கட்டியது பக்கத்து ஊரில்.

பக்கத்து ஊர்க் கழகத்தார் எங்கள் தலைவரிடம் வந்து கேட்டார்கள். நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களின் கிண்ணத்துக்கு அவர்களுக்கு ஒரு பாக் தேவை. எங்களிடம் அந்த வயது அணியே இல்லை. எங்கள் ஊரின் மற்ற முழங்கால்கள் எல்லாம் லண்டனுக்கும் கனடாவுக்கும் போய்விட்டன. பதிலுக்கு அவர்கள் தருவது இது: அவர்களிடம் பயிற்சி எடுத்து வளர்ந்துவருகிற பெடியன்களில், எங்கள் ஊர்த் தாய்மாருக்குப் பிறந்தவர்களை முதலில் நாங்கள் பார்த்துத் தெரிந்தெடுத்துக்கொள்ளலாம். இந்தக் கோடையும், வருகிற கோடையும்.

கூட்டம் ரூ லூயி-பிளாங் தெருவில் ஒரு உணவகத்தின் பின்னறையில் நடந்தது. பின்னேரம். முன்னால் கொத்துரொட்டி தட்டுகிற ஓசை. எங்கள் பயிற்சியாளருக்கு அந்த உணவகத்தில்தான் வேலை. ஏப்ரனைக் கழற்றாமலே வந்து உட்கார்ந்தார். தொலைபேசிக் கடை வைத்திருக்கிற தலைவர் பற்றிஸ் பலகாரத் தட்டை நடுவில் தள்ளினார். லெ பிளாங்-மெனிலிலிருந்து வருகிற மூத்த அண்ணை ஒருவர், கோட்டைக் கழற்றாமல், எந்த நேரமும் எழுந்து போகிறவர் போல இருந்தார். அறிக்கை எழுத வரும் என்ற ஒரே காரணத்தால் நான் செயலாளர்.

"இது மாற்றுச் சம்பந்தம் மாதிரி," என்றார் தலைவர். "நாங்கள் ஒண்டு குடுக்கிறம், அவை ஒண்டு தருகினம்."

"மாற்றுச் சம்பந்தத்திலை மாப்பிள்ளையைக் கேட்டிட்டல்லோ செய்யிறது?" லெ பிளாங்-மெனில் அண்ணை கேட்டார்.

"அந்தக் காலத்திலை ஆர் அண்ணை கேட்டது?"

எல்லாரும் சிரித்தோம். சிரித்து முடிந்த இடத்தில் கொத்து ஓசை பெரிதாகக் கேட்டது.

பயிற்சியாளர் தொடங்கினார். "நான் அவனிலை கோவத்திலை சொல்லேல்லை. போன ஆட்டத்தைப் பாத்தனீங்கள்தானே? பந்து அவனைத் தாண்டிப் போச்சு. சரி, போகட்டும். கோல் கம்பத்திலை பட்டுத் திரும்பியும் வந்திட்டுது. அப்பவும் அவன் முதல் தரம் பந்து தாண்டினதுக்குத்தான் திரும்பிக்கொண்டு நிக்கிறான்."

"அவன் கத்தாட்டி உம்மடை பெடியள் ஒருத்தனும் இடத்திலை நிக்க மாட்டாங்கள்," என்றார் அண்ணை.

"கத்துறதுக்கு வெளியிலை நிக்கலாம். வயசு போன ஆளை உள்ளுக்கை வைச்சிருந்தால் அந்த இடத்திலை ஒரு பெடியன் எப்ப பழகிறது? இன்னும் அஞ்சாறு வருசத்திலை கழகம் எண்டு சொல்ல ஜேர்சி மட்டும்தான் இருக்கும்."

"இதென்ன மாட்டுச் சந்தையோ? கிழடைக் குடுத்துக் கண்டு வாங்க?"

"கண்டு எண்டாலும் எங்கடை பட்டியிலை பிறந்த பசுவின்ரை கண்டு அண்ணை."

பயிற்சியாளர் பேசும்போது நான் அவர் பக்கம். அண்ணை பேசும்போது அண்ணை பக்கம். இரண்டாம் இலக்க மெத்ரோ வண்டியில் பர்பேஸுக்கு ஏறி, ஸ்தாலின்கிராட்டுக்கு எதிர்வண்டி வருவதைக் கண்டவுடன் இறங்கி ஓடுகிறவன் போல உள்ளே நடந்துகொண்டிருந்தது. இளையவர்கள் வராவிட்டால் கழகம் இல்லை, அது மெய். அவன் இல்லாவிட்டால் இந்தக் கழகம் எது, அதுவும் மெய். இரண்டு மெய்களையும் ஒரே வாயால் சொல்ல முடியவில்லை.

பயிற்சியாளர் கொடுக்கச் சொன்னார். அண்ணை வேண்டாம் என்றார். தலைவர் கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி, நீர் சொல்லும். நீர் சொல்லுறதோடை நான் நிக்கிறன்."

"ஞாயிறு ஆட்டம் முடியட்டும். பாத்திட்டுச் சொல்லுறன்."

ஞாயிறு அவர்களோடுதான் ஆட்டம், லெ பிளாங்-மெனில் மைதானத்தில், சிநேகபூர்வமாக. தலைவர் தலையாட்டினார். எழும்பும்போது, சீனி வாங்கச் சொல்கிற குரலில் சொன்னார்:

"எதுக்கும் ஒரு பொன்னாடை வாங்கி வையும். குடுத்தாலும் போத்த வேணும். வைச்சிருந்தாலும், இவ்வளவு காலம் ஆடினவனுக்கு ஒண்டு போத்தத்தானே வேணும்."

யாருக்கும் அது பிழையாகப் படவில்லை. எனக்கும் படவில்லை. முடிவுக்கு முன்னால் பொன்னாடை வாங்குகிறவர்கள் இந்த உலகத்தில் நாங்கள் மட்டும்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

புடவைக் கடைக்காரி பொன்னாடைகளை விசிறி போல விரித்தார். "ஆருக்கு?"

"ஒரு விளையாட்டுக்காரருக்கு."

"உயிரோடை இருக்கிறவர்தானே?"

"ஓம்."

"அப்ப சிவப்பை எடுங்கோ. சரிகை நல்லாத் தெரியும்."

கடையை விட்டு இறங்கியதும் அவன்தான் எதிரே வந்தான். முருங்கைக்காய்க் கட்டு கையில், கொஞ்சம் பக்கவாட்டாக நடக்கிற அந்த நடை. லா ஷப்பலில் யாரைச் சந்திக்கக் கூடாதோ அவரைத்தான் சந்திப்போம். இந்த இடம் அந்த மாதிரி.

"டேய், வா தேத்தண்ணி குடிப்பம்."

போனோம். கண்ணாடி ஓரத்து மேசை. பையைக் கால்களுக்கு நடுவில் வைத்தேன். அவன் குனிந்து பார்த்தான், கையை விட்டுச் சரிகையை விரல்களால் தடவினான், குருடன் முகம் தடவுவது போல.

"ஆரும் செத்துப்போச்சினமோ?"

"இல்லை."

"அப்ப ஆரோ போகினம்." தேநீரை ஊதினான். "நான்தானே?"

"ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. நேற்று வீட்டிலை நண்டுக் கறி. நாளும் இல்லை, பெருநாளும் இல்லை. அப்பவே யோசிச்சனான். கேட்டன். என்ரை மனுசியின்ரை தமையன் ரெலிபோன் எடுத்தவனாம். இவ ஓம் எண்டிட்டா."

பக்கத்து ஊரார் முதலில் பெண் வீட்டுக்காரரிடம் கேட்டிருக்கிறார்கள். மாப்பிள்ளை ஆடுகிற விஷயத்தில் மாப்பிள்ளைக்குத்தான் கடைசியாகச் செய்தி.

"அவவுக்குச் சந்தோசம்," என்றான். "இவ்வளவு காலமும் உங்கடை ஊருக்குக் கைதட்டினன், இனி எங்கடை ஊருக்கு ஆடுங்கோ எண்டுறா. அதிலையும் நியாயம் இருக்குத்தானே?"

"இருக்கு."

"எல்லாத்திலையும் உனக்கு நியாயம் இருக்கும்." சிரித்தான். பிறகு சிரிப்பு இல்லாமல் கேட்டான்: "நீ என்ன சொன்னனி?"

"இன்னும் சொல்லேல்லை."

வெளியே யாரோ பெட்டிகளைத் தள்ளுவண்டியில் உருட்டிக்கொண்டு போனார்கள். அவன் கிளாசைக் கீழே வைத்தான்.

"நாற்பதுக்கு மேலை உள்ள ஆக்களோடை ஆடுறது எனக்கு வெக்கமில்லையடா. அங்கை எல்லாரும் ஆறுதலா ஓடுவாங்கள். நானும் அவங்களோடை சரிசமனா ஓடுவன். அதுதான் பயம். இஞ்சை பெடியளுக்குப் பின்னாலை ஓடேக்கை, இண்டைக்குக் கொஞ்சம் பிந்திப் போச்சு எண்டு மட்டும்தான் நினைக்கிறனான். விளங்குதோ?"

"விளங்குது."

"இந்த ஒரு கோடை உங்களோடை நிக்க விடச் சொல்லிக் கேக்க நினைச்சனான். கேக்க மாட்டன். நீ ஓம் எண்டாலும் பரவாயில்லை, இல்லை எண்டாலும் பரவாயில்லை. ஏதாவது ஒண்டைச் சொல்லு. சும்மா இருக்காதை."

நான் சும்மா இருந்தேன். என்னிடம் இரண்டு பதில்கள் இருந்தன. இரண்டும் ஒன்றையொன்று பிடித்து இழுத்துக்கொண்டு வாசலில் நின்றன. அவன் முருங்கைக்காயை எடுத்துக்கொண்டு, வீடு இருக்கிற வில்லியே லே பெல்லுக்கு வண்டி பிடிக்கப் போய்விட்டான். அவன் குடித்த கிளாசில் தைலம் மணத்தது. அல்லது எனக்கு அப்படித் தோன்றியது.

ஞாயிறு மழை. பெருமழை இல்லை, செயற்கைப் புல்லில் நின்று மினுங்குகிற, இருந்தும் இல்லாத மழை. அவன் வாங்கில் இருந்து தைலம் பூசினான். மனைவி குடையோடு வந்திருந்தார். எந்தப் பக்கக் கோட்டில் நிற்பது என்று அவருக்கும் தெரியவில்லை, நடுக்கோட்டில் நின்றார்.

பக்கத்து ஊரின் முன்வரிசையில் ஒரு பெடியன். நாங்கள் முதலில் தெரிந்தெடுக்கப்போகிறவன் அவன்தான் என்று பயிற்சியாளர் கையால் காட்டினார். காட்டத் தேவையில்லை. பந்து காலில் பட்டதும் அவன் உடம்பு வேறு ஒன்றாகியது. தண்ணீரைச் சாய்த்து ஊற்றியது போல ஓடினான். அவனுடைய தாய் எங்கள் ஊர். தகப்பன் யார் என்றால், எங்கள் பாக்கின் மச்சான், மனைவியின் தமையன். ஆக, எங்கள் பாக்கைக் கொடுத்து, அவனுடைய சொந்த மருமகனை எடுக்கப்போகிறோம். இது தெரிந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு யாருக்காகச் சிரித்தேன் என்று தெரியாமல் நிறுத்திவிட்டேன்.

முதல் பாதியில் மருமகன் மாமனை ஒரு முறை சுற்றிக்கொண்டு போனான். மாமன் திரும்பி முடியும்போது வலை அசைந்துகொண்டிருந்தது. பயிற்சியாளர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை போதும் என்று நினைத்தேன்: கொடுக்கலாம்.

இரண்டாம் பாதியில் அதே ஓட்டம், அதே பக்கம். இந்த முறை மாமன் ஓடவேயில்லை. இரண்டு அடி பின்னால் வைத்து, கையை அகட்டி, தெருவில் யாருக்கோ காத்திருப்பவன் போல நின்றான். பந்து நேரே வந்து அவன் முழங்காலில் பட்டு வெளியே போனது. லெ பிளாங்-மெனில் அண்ணை, "பாத்தீரோ, பாத்தீரோ!" என்று என் தோளை உலுப்பினார். "தானாப் பட்டது அண்ணை, தானாப் பட்டது," என்றார் பயிற்சியாளர். அது அறிந்து நின்ற நிலையா, களைத்து நின்ற நிலையா? என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். இன்றைக்கும் தெரியாது. ஒன்று மட்டும் நடந்தது: வைத்திருக்கலாம் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு நாங்களும் ஒன்று அடித்து, ஆட்டம் சமனில் முடிந்தது. அதுவும் எனக்கு உதவவில்லை.

மருமகன் வந்து மாமனின் முதுகில் தட்டி, பிரெஞ்சும் தமிழுமாய் நலம் கேட்டான். "மாமா, சா வா? முழங்கால்?"

"சா வா, சா வா. சுத்திப் போகேக்கை ஒருக்கா 'பார்தோன் மாமா' எண்டு சொல்லியிருக்கலாம்."

பெடியன் சிரித்தான். அவன் பற்களுக்குள் மழை.

கார்கள் நிற்கிற இடத்தில் எல்லாரும் கூடினோம். தலைவர் பக்கத்து ஊர்த் தலைவரோடு கை குலுக்கிவிட்டு என்னிடம் வந்தார். "அப்ப தம்பி?" பொன்னாடைப் பை என் கையில். வாயைத் திறந்தேன். அந்த நேரம் அவன் நனைந்து, பல்லுக் கிட்டித்து, நொண்டி நொண்டி வந்தான்.

"உந்தத் துணியைத் தாடா. குளிருது."

பையிலிருந்து தானே இழுத்தெடுத்தான். சிவப்பையும் சரிகையையும் உதறித் தோளைச் சுற்றிப் போர்த்துக்கொண்டான், துவட்டுகிற துவாயைப் போல.

பொன்னாடை ஒரு தோளில் விழுந்தால் எங்கள் ஆட்களின் கை யாரையும் கேட்டுக்கொண்டிருக்காது. முதலில் தட்டியது பயிற்சியாளர். அவர் யோசித்துத் தட்டவில்லை, கை தட்டியது. பிறகு பக்கத்து ஊரார் தட்டினார்கள். குடையை முழங்கைக்குள் இடுக்கிக்கொண்டு மனைவி தட்டினார். லெ பிளாங்-மெனில் அண்ணைகூட, முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு, தட்டினார். எதற்குத் தட்டுகிறோம் என்று தெரியாமல் மருமகன் எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினான். தலைவர் கண்கலங்கி, "நல்லது, நல்லது, முடிஞ்சுது," என்றார்.

"இல்லை," என்றேன். "குடுக்க வேண்டாம்."

தட்டல் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. அவனுக்குக் கேட்டது. பக்கத்தில் நின்றான்.

"பிந்திப் போச்சு," என்றான், மெல்ல. "நான் மச்சானுக்கு ஓம் எண்டு சொல்லிப்போட்டன்."

"எப்ப?"

தலையைத் துடைத்தான்.

மனைவி தமையனின் காரில் போனார். இவன் என்னோடு ரயிலில் வந்தான். வடக்கு ரயில் நிலையத்தில் இறங்கி வில்லியே லே பெல் வண்டிக்கு மாற வேண்டும். வழியெல்லாம் சரிகை போர்த்தபடி இருந்தான். பெட்டியில் இருந்தவர்கள் ஏதோ நாட்டு அரசனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். நான் திரும்பத் திரும்ப ஒன்றையே கேட்டேன். ஆட்டத்துக்கு முதல் சொன்னாயா, பிறகு சொன்னாயா? தேநீர்க் கடையில் நான் வாய் திறக்காததால் சொன்னாயா, அந்தப் பெடியன் சுற்றிப் போனதால் சொன்னாயா? பந்து முழங்காலில் பட்டதற்குப் பிறகும் சொல்லியிருப்பாயா?

"நண்டுக் கறி நல்லா இருந்தது," என்றான் ஒருமுறை.

இன்னொருமுறை, "மருமகன் நல்லா வருவான். இடது காலாலை மட்டும் இன்னும் அடிக்கப் பயப்பிடுறான். பயிற்சியாளரிட்டைச் சொல்லு," என்றான்.

வடக்கு நிலையத்தின் கீழ்த்தளத்தில் நின்றோம். இரும்பும் ஈரமும் மணக்கிற காற்று, அதற்கு நடுவில் அந்தத் தைலம். அவனுடைய வண்டி வந்தது. பொன்னாடையைக் கழற்றி மடித்துத் தருவான் என்று எதிர்பார்த்தேன். தரவில்லை. ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றான்.

"கோடைக்கு எங்கடை கிழடுகளின்ரை ஆட்டமும் உங்கடை பெடியளின்ரை ஆட்டமும் ஒரே நேரமாம். பக்கத்துப் பக்கத்து மைதானம். நீ எந்தப் பக்கம் நிண்டு கத்துவாய்?"

"தெரியேல்லையடா."

கதவு மூடுகிற மணி அடித்தது.

"அப்ப ரெண்டுக்கும் நடுவிலை நில். ரெண்டு பக்கத்தாலையும் பந்து வந்து படும்."